ஒருவர் மட்டும் ஏறும் வண்டி

என் கணவருக்கு மலையேறும் ஆசை வந்தது ஐம்பது வயதுக்கு மேல். மற்ற ஆண்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வியாதி வரும், ஊர்ச் சங்கத்தில் பதவி வரும். இவருக்கு வந்தது ஸ்னோமொபைல்.

அது பனியில் ஓடுகிற மோட்டார் வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர்ப் பட்டி. கனடாவின் மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் என் தம்பி ஹோட்டல் சமையலறை நடத்துகிறான். அவனிடம் பழைய ஸ்னோமொபைல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாசி மாதமும் நாங்கள் லண்டனிலிருந்து அங்கே போவோம். லண்டனில் எங்கள் ரெய்னர்ஸ் லேனில் நாலு பொட்டுப் பனி விழுந்தால் பாதை வழுக்கும் என்று பால் வாங்கக்கூடப் போகாத மனிதர், அங்கே போனதும் விடியற்காலையிலேயே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். யாருக்காக இந்தக் கோலம் என்று கேட்டால் சிரிப்பார்.

பழைய வண்டி இரண்டு பேருக்கானது. நீளமான சீற், பின்னால் இருப்பவருக்குச் சாய்மானம், இரு பக்கமும் கைப்பிடிகள். குளிரில் கை விறைக்காமல் இருக்க அந்தக் கைப்பிடிகளுக்குள் சூடு வேறு வரும். நான் ஒரு நாளும் அவற்றைத் தொட்டதில்லை.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போயும்விட்டார்கள். ஆனால் வெளியில் நாங்கள் தொட்டுக்கொண்டதில்லை. ஸ்டேஷனிலிருந்து வரும்போது அவர் சாமான் பைகளுடன் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். கல்யாண மண்டபத்தில் அவர் ஆண்களோடு, நான் பெண்களோடு. வீட்டிலும் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. அவருக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு ஷிப்ட் என்று காலம் ஓடிவிட்டது. அந்த வண்டியில் ஏறினால் மட்டும் நான் அவர் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். தடித்த உடுப்பு, முகத்தை மூடிய ஹெல்மெட். நாங்கள் யார், என்ன வயது, ஒருவருக்கும் தெரியாது. பாதை நேராக இருந்தாலும் பிடியை விடமாட்டேன். எனக்கு அவரில் அவ்வளவு ஆசை என்று அங்கேதான் எனக்கே தெரிந்தது.

ஆனால் அந்த வண்டி ஊர் ஏரிக்கரைச் சமதரையில்தான் ஓடும். பாரம் அதிகம், ஆழப் பனியில் புதைந்துவிடும். இளம் பெடியன்கள் மெல்லிய வண்டிகளில் எதிரே மலைச்சரிவில் ஏறிப் போவார்கள். என் கணவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, அவர்களை அண்ணாந்து பார்ப்பார். லண்டனுக்கு வந்த நாள் முதல் மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தே பழகிய மனிதர். தனக்கென்று ஒன்றை அவர் அப்படி ஆசையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

போன புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் வந்தான். மலைக்கென்றே செய்த புது மொடல் ஒன்று வந்திருக்கிறது, புதிதாகப் பழகுகிற ஆட்களுக்கானது, விலையும் கட்டுப்படியாகும் என்றான். பழையதைக் கடையில் கொடுத்துவிட்டு அதை எடுக்கலாமாம். அவனது கராஜில் ஒன்றுக்குத்தான் இடம்.

"அத்தான் ஓம் எண்டாத்தான் எடுப்பன்" என்றான். அக்கா புருஷனைக் கேட்காமல் என் தம்பி ஒரு வாகனமும் வாங்கியதில்லை. வாங்குகிறவன் அவன்தான், ஆனாலும் அத்தானின் வாயால் வரவேண்டும். அது எங்கள் வீட்டு மரியாதை.

அத்தான் அந்த மரியாதையை மிகவும் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் இதே கதைதான். விலை குறைய வேண்டுமென்றால் எதையாவது விடத்தானே வேண்டும், கொம்பனி எதையெதை விட்டிருக்கிறது என்று இருவரும் பிரித்து மேய்ந்தார்கள். எஞ்சின் சிறியது.

"உயரத்தில காத்துக் குறைவு, எஞ்சின் இளைக்குமே" என்பார் இவர்.

"எங்களுக்கு அது காணும் அத்தான். பெரிய எஞ்சினைக் குடுத்தா நீங்கள் மரத்தில கொண்டுபோய் இடிப்பீங்கள்" என்பான் அவன்.

ரப்பர்ப் பட்டி நீளம் குறைவு, அதனால் மிக ஆழமான பனியில் திணறும், ஆனால் திருப்புவது சுகம். கீழே உள்ள ஸ்பிரிங்குகள் சாதாரணமானவை, இடுப்பு நோகும், ஆனால் பாரம் குறைவு, புதைந்தால் இருவர் சேர்ந்து இழுக்கலாம். என் கணவர் ரயிலில் வரும்போதும் போனில் அந்த வண்டியை ஓட்டியவர்களின் வீடியோக்களைப் பார்த்தார். அவர்களும் இதே சண்டைதான் பிடிக்கிறார்களாம்.

பெரிய பிரச்சினை ஸ்டார்ட் பண்ணுவது. பட்டன் கிடையாது, கயிற்றை இழுக்க வேண்டும். தன் தோளுக்கு அது ஏலுமா என்று பார்க்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் புல் வெட்டும் பழைய பெற்றோல் மெஷினைக் கேட்டு வாங்கிக் கயிறு இழுத்துப் பழகினார். அந்த மனிதர், இவர் உதவிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மகிழ்ந்துபோனார். வாய் திறந்து மறுக்க இவருக்கு வெட்கம். அவருடைய புல்லை முழுவதும் வெட்டிக் கொடுத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். "மூண்டாம் இழுவைக்கு ஸ்டார்ட் வருது" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

எல்லாவற்றையும் அலசினார்கள், சீற்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு ஞாயிறு நான் தேத்தண்ணியுடன் வந்து, போனை எட்டிப் பார்த்துக் கேட்டேன்: "உதில பின்னுக்கு இருக்கிற ஆள் எங்க பிடிக்கிறது?"

"பின்னுக்கு ஆள் இருக்க ஏலாது அக்கா. சீற் ஓராளுக்குத்தான்" என்றான் தம்பி. "சரிவில எழும்பி நிண்டு, ஒரு பக்கமாச் சரிஞ்சு ஓட வேணும். பின்னுக்கு ஆள் இருந்தா பிரளும். உங்களுக்கு வேணுமெண்டா வாடகைக்கு ஒண்டு எடுப்பம். ஆளுக்கொண்டா ஓடுங்கோவன்."

நல்ல பிள்ளை, நல்ல யோசனை. எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. என் கணவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே ஆறியிருந்தது.

அவருக்கு அந்த மலை வேண்டும். எனக்கு அந்தப் பழைய சீற் வேண்டும். ஒன்று வந்தால் மற்றது போய்விடும். நான் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அவர் விட்டிருப்பார், அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்க மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை லண்டனின் தெற்கே டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடைக்குச் சாப்பிடப் போனோம். நோர்தேர்ன் லைன் ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெட்டிக்குள் இரைச்சல். அவர் எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடி, "தம்பிக்கு என்ன சொல்ல?" என்றார்.

"எடுக்கச் சொல்லுங்கோ."

"நீர் என்ன செய்வீர்?"

"நான் இந்த முறை வரேல்லை. மாசியில ஃபார்மசியில லீவு தரமாட்டினம். நீங்கள் போயிட்டு வாங்கோ." வேலை செய்கிற இடத்தில் நான் லீவு கேட்கவே இல்லை. அங்கே போய் ஜன்னலுக்குள்ளிருந்து அவர் தனியாகப் போவதைப் பார்க்க என்னால் முடியாது.

அவர் எதையோ சொல்ல வந்து, ஸ்டேஷன் வந்ததும் எழுந்தார். அன்று அவருக்குக் கொத்து ரொட்டி இறங்கவில்லை. எனக்கும்தான், ஆனால் நான் பிடிவாதமாகச் சாப்பிட்டேன். அன்றைக்கே தம்பிக்கு ஓம் சொல்லியாயிற்று.

மாசியில் அவர் தனியாகப் போனார். படங்கள் வந்தன. நீல நிற வண்டி, உண்மையிலேயே வடிவான வண்டி. அந்தச் சின்னச் சீற்றைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன். வீட்டில் ஒருவருக்குச் சமைப்பது என்பது சோம்பலான வேலை. பாணும் சம்பலுமாக நாட்கள் போயின.

அவர் ஒரு ஞாயிறு காலை திரும்பி வந்தார். பெட்டியைக் கூடத் திறக்கவில்லை, குசினிக்குள் வந்து, தோட்டத்தைப் பார்த்தபடி ஜன்னலோரம் நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அவருக்குக் கதை வரும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மேல ஏறினீங்களோ?" என்றேன்.

"ஓம். உச்சி மட்டும் போனனான். மேல இருந்து பாத்தா ஏரி ஒரு கோப்பைத் தட்டளவுதான்." பிறகு வண்டியைப் பற்றிச் சொன்னார். எஞ்சின் உயரத்தில் கொஞ்சம் இளைத்ததாம், ஆனால் கைவிடவில்லை. கயிறு இரண்டாம் இழுவைக்கே வந்ததாம். ஸ்பிரிங் விறைப்புத்தான், இடுப்பு இன்னும் நோகிறது. தம்பி எடுத்தது பிழையில்லை. எல்லாம் சொன்னார். குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கும் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தார்.

"முதுகுதான் குளிர்ந்தது" என்றார்.

"உள்ளுக்கு ஸ்வெட்டர் போடேல்லையோ?"

"போட்டனான். ரெண்டு போட்டனான்."

நான் குழாயை மூடினேன். கையில் சவர்க்கார நுரை இருந்தது. துடைக்காமலே போய், பின்னால் நின்று, அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவருடைய சேர்ட் நனைந்தது, அவர் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் நின்று எங்களுக்குக் கை காட்டினார். நான் கையை எடுக்கவில்லை.