பதினைந்தாம் நம்பர் சண்டை

அப்பாவும் பெரியப்பாவும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்தார்கள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. சிரிப்பதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாமே குழப்பமாக இருந்தது.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். பெரியப்பா கிள்ளானில் இருந்தார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. தாத்தா எங்கள் வீட்டில்தான் காலமானார். அன்றைக்குப் பார்த்துக் கிள்ளான் பக்கம் பெருமழை, ரோடெல்லாம் வெள்ளம். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, அப்பா அண்ணனுக்காகக் காத்திருக்காமல் தானே கொள்ளி வைத்துவிட்டார். பெரியப்பா இடுப்பளவு நனைந்து வந்து சேர்ந்தபோது சுடலையில் புகைதான் இருந்தது. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியும் போயிற்று, தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும் போயிற்று. "மொகத்தக்கூட காட்டலயேடா" என்று அவர் கேட்டதுதான் எங்கள் அப்பாவிடம் பேசிய கடைசி வார்த்தை. இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று கூடியிருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடம் கழித்து அவருக்கு ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. மெக்சிகோவிலிருந்து வந்த கப்பலின் சமையல்காரன் ஒருவன், எதற்கோ நன்றிக்கடனாக, பெட்டி நிறைய வீடியோ டேப் கொடுத்துவிட்டுப் போனானாம். அத்தனையும் அந்த நாட்டு மல்யுத்தம். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் குஸ்தி எங்கே நடந்தாலும் ஒரே சைக்கிளில் போய்ப் பார்த்தவர்கள். இப்போது டேப் அண்ணனிடம் இருந்தது, வீடியோ மெஷின் தம்பியிடம் இருந்தது. எங்களோடு தங்கியிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கிள்ளானுக்குப் போய் நைசாகப் பேசி, "அவரு வீட்டுக்கா வர்றீங்க? மெஷின் பார்க்க வர்றீங்க, அவ்ளோதான் லா" என்று பெரியப்பாவை அழைத்து வந்துவிட்டார்.

பெரியப்பா வந்தார். வந்தாலும் சபதம் சபதம்தான். ஒரு தோளில் டேப் பை, இன்னொரு தோளில் ஃபிளாஸ்க். அதில் கிள்ளானில் போட்ட காப்பி. கையில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கூடத் தொட மாட்டார். பொட்டலத்தை மட்டும் பாயின் நடுவில் பிரித்து வைப்பார். அப்பா டிவியைப் பார்த்தபடியே கையை நீட்டி அதில் பாதியைக் காலி செய்துவிடுவார். பாயில் கிடந்த கடலைக்கு யார் கொண்டுவந்தது என்று பெயரா எழுதியிருக்கிறது?

அந்த நாட்டு டேப் நம் மெஷினுக்குச் சரியாகப் பொருந்தாது. கலர் வராது, படம் அடிக்கடி மேல்பக்கமாக உருண்டு போகும். அதில் சண்டை போடுகிறவர்களோ முகம் முழுக்க முகமூடி போட்டவர்கள். பேசுகிற பாஷை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம். நெற்றியில் மின்னல் போட்டிருந்தவன் மின்னல். எட்டுக்கால் படம் போட்டிருந்தவன் சிலந்தி. எவன் நல்லவன், எவன் கெட்டவன் என்பதற்கே ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும்.

பார்த்த சண்டைகளுக்கெல்லாம் வரிசை போட வேண்டும் என்று ஆரம்பித்தது மாமாதான். எது முதல், எது இரண்டாவது என்று முடிவு செய்து பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் நோட்டுப் புத்தகம் என்னிடம் வந்தது. நம்பர், யார் யார், ஜெயித்தது யார், குறிப்பு என்று நான்கு கோடு போட்டு எழுதினேன். மொத்தம் இருபத்தாறு சண்டைகள். அடுத்த வீட்டு சிலோன் அங்கிளும் வருவார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு கோர்ட்டுக்கு வருவதுபோல வந்து நாற்காலியில் அமர்வார்.

இருபத்து நாலு இடங்களுக்கு எப்படியோ உடன்பாடு வந்துவிட்டது. முதலிடம்தான் இழுத்தது. அப்பாவுக்குப் பதினாலாம் நம்பர். அதில் மின்னலின் முகமூடி கிழிந்து தொங்குகிறது, உதவிக்கு ஒரு ஆள் இல்லை, ஆனாலும் எழுந்து நின்று சிலந்தியைத் தூக்கி அடிக்கிறான். பெரியப்பாவுக்குப் பதினைந்தாம் நம்பர். அதில் மின்னல் தோற்றுப்போகிறான். தோற்றவன் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்பது பந்தயம். மெதுவாக முடிச்சை அவிழ்த்துக் கழற்றுகிறான். உள்ளே வழுக்கைத் தலையோடு ஒரு வயசானவர் நிற்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர். ஜனங்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லு, மொகம் தெரிஞ்சாத்தான் சண்ட முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்பார் பெரியப்பா என்னிடம். அப்பா ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். இருந்தாலும் நான் திரும்பி ஒப்பிக்க வேண்டும். "ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லு, தனியா நின்னவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்னு" என்பார் அப்பா. அதையும் ஒப்பிப்பேன். மெக்சிகோக்காரனுடைய கஷ்டத்துக்கு இவர்கள் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறார்கள் என்று யோசிப்பேன். பதினைந்தாம் நம்பரில் முகமூடியை அவிழ்க்கும் நேரம் வந்தால் அப்பா எழுந்து பின்பக்கம் சிகரெட் பிடிக்கப் போய்விடுவார். ஒரு தடவைகூட அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்காத சண்டைக்கு எப்படி இடம் போடுகிறார் என்றும் எனக்குப் புரியவில்லை.

இப்படியே எட்டு வாரம் ஓடியது. மாமா அப்பா பக்கம், சிலோன் அங்கிள் பெரியப்பா பக்கம். இரண்டுக்கு இரண்டு. கடைசியில் மாமா, "அடுத்த வாரம் பாப்பா ஓட்டுப் போடட்டும், முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார். முடிந்ததும் டேப்பை எல்லாம் பந்திங் ஊரில் ஒரு கூட்டாளிக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பெரியப்பா பொதுவாக, யாரையும் பார்க்காமல், சொன்னார். அப்பா சிகரெட் பெட்டியைத் தேடினார்.

அடுத்த ஞாயிறு காலையில் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "நீ யாருக்கும் ஓட்டுப் போடாத. தெரியலன்னு சொல்லு. முடிஞ்சிட்டா ஒங்க பெரியப்பா டேப்ப தூக்கிட்டுப் போயிருவாரு. அப்புறம் எதச் சாக்கு வச்சு இந்தப் படியேறுவாரு?" என்றாள். நான் தலையாட்டினேன். ஆனால் என் வயிற்றுக்குள் ஒரு ரகசியம் குதித்துக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்த பதில் இரண்டு பேரையும் ஜெயிக்க வைக்கிற பதில். அதைச் சொன்னால் சண்டையே இல்லை, எல்லோரும் சந்தோஷமாகிவிடுவார்கள் என்று நம்பினேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே அவ்வளவு பெருமை.

விஷயம் இதுதான். குறிப்புக் கோட்டில் நான் ஒன்று விடாமல் எழுதி வந்தேன். பதின்மூன்றாம் நம்பரில் மின்னலின் முகமூடி இடது காதோரம் கிழிகிறது. பதினாலில் அவன் வரும்போதே அந்தக் கிழிசல் இருக்கிறது. பதினைந்தில் அதே கிழிசல் இன்னும் பெரிதாக இருக்கிறது. மறுநாள் வந்து சண்டை போடுகிறவன் முகமூடியைத் தைத்துக்கொண்டு வரமாட்டானா? அது மட்டுமில்லை. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் திரையில் பெரிய எழுத்தில் இரண்டு சொற்கள் வரும். இரண்டாவது சொல் மாறவே மாறாது. முதல் சொல் மட்டும் இரண்டு அல்லது மூன்று விதமாக மாறி, பிறகு பழையபடி முதலிலிருந்து வரும். பள்ளிக்கூடத்தில் பேட்மிண்டன் ஆடுகிற எனக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

சபை கூடியது. மாமா கேட்டார். நான் எழுந்து நின்று, திருக்குறள் போட்டியில் பேசுகிற குரலில், பதினாலும் பதினைந்தும் வேறு வேறு சண்டை இல்லை, ஒரே சண்டையின் இரண்டாவது செட்டும் மூன்றாவது செட்டும் என்றேன். நடுவில் சோப்பு விளம்பரம் வந்ததால் முடிந்துவிட்டதாக நாம்தான் நினைத்துக்கொண்டோம் என்றேன். கிழிசலைக் காட்டினேன். எழுத்துகளைக் காட்டினேன்.

மாமா தொடையில் அடித்துக்கொண்டு, "அட, ஆமா லா! பேட்மிண்டன் மாதிரி!" என்று கத்தினார். சிலோன் அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நோட்டைப் புரட்டினார். "பிள்ளை சொல்லுறது சரி போலத்தான் கிடக்கு" என்றார். எங்கள் இருபத்தாறு சண்டைகளும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பத்தாகச் சுருங்கிவிட்டன. முதலிடம் இரண்டு பேருக்கும் ஒன்றே. நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

யாரும் தட்டவில்லை. அப்பா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சற்று நேரம் டிவியையே பார்த்தார். டிவி அணைந்திருந்தது. "அப்ப சரி. முடிஞ்சிருச்சு" என்று சொல்லி, டேப்புகளை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினார். காப்பி பாதி இருக்கும்போதே ஃபிளாஸ்க்கை மூடித் திருகினார். கூடத்தில் மாட்டியிருந்த தாத்தா படத்தை, அந்த முறுக்கு மீசைப் படத்தை, ஒரு தரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அப்பா வாசல்வரை போய், கூப்பிடுவதற்கு வாயைத் திறந்து, கூப்பிடாமல் திரும்பி வந்தார்.

"ஒன்ன யாருடி கேட்டா?" என்றாள் அம்மா. அந்த வாரம் முழுவதும் வீட்டில் எனக்கு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. தப்பாகக் கணக்குப் போட்டால் வாத்தியார் அடிப்பார், அது நியாயம். சரியாகச் சொன்னதற்கு அடி விழுவதை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த ஞாயிறு, டேப் ஒன்றுகூட இல்லாத வீட்டில், அப்பா மத்தியானமே மெஷினைத் துடைத்து வைத்தார். பாயை விரித்தார். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. நாலு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பா டேப் பையோடு நின்றார். தோளில் ஃபிளாஸ்க் இல்லை. பஸ் பிடிக்கிற அவசரத்தில் மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒப்பிக்கச் சொல்லவும் இல்லை. நேராக அப்பாவைப் பார்த்து, "அதெல்லாம் இல்ல. பதினாலு வேற, பதினஞ்சு வேற. சின்னப்புள்ள பேச்சக் கேட்டுக்கிட்டு முடிவு பண்ண முடியுமா?" என்றார்.

"அதான் நானும் நெனச்சேன் அண்ணே" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கிழிசல், எழுத்து, செட் என்று கத்தினேன். "சும்மா இரு லா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் அதட்டினார்கள். எட்டு வாரமாக முதலிடத்துக்கு ஒத்துப்போகாத இரண்டு பேரும் முதன்முதலாக ஒத்துப்போனது நான் சொன்னது தப்பு என்பதில். அதுவும் நான் சொன்னது சரியாக இருந்தபோது. இன்றைக்கும் சொல்கிறேன், நான் சொன்னதுதான் சரி.

பதினாலைப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு பதினைந்தைப் போட்டார்கள். மின்னல் கீழே விழுந்தான். கையை முகமூடியின் முடிச்சுக்குக் கொண்டுபோனான். வழக்கம்போல அப்பா சிகரெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரியப்பா திரும்பாமலே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "உக்காருடா" என்றார். அப்பா உட்கார்ந்தார். பிடித்த கையைப் பெரியப்பா விடவில்லை. படம் ஒருமுறை மேலே உருண்டு, பிறகு நின்றது. வழுக்கைத் தலையோடு அந்த வயசானவர் எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"மொகம் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே" என்றார் அப்பா மெதுவாக. "நோவு ஒண்ணும் தெரியல. தூங்கற மாதிரிதான் இருந்துச்சு."

பெரியப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மீச?" என்று கேட்டார்.

"சீவி விட்டேன் அண்ணே. நானேதான் சீவி விட்டேன்."

அம்மா காப்பி கொண்டுவந்து பெரியப்பா பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் கதவோரம் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் அதை எடுத்துக் குடித்தார். டேப் ஓடி முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக வந்தது. அதை அணைக்கவும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மின்னல் தூங்கவே இல்லை. கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு அழுதான், அதை நான் எட்டு வாரமாகப் பார்த்து வருகிறேன். இவர்களுக்கு ஒரு சண்டையை ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லை, இவர்கள் என்னைக் குறை சொல்கிறார்கள். நோட்டைப் பிரித்து, பதினைந்தாம் நம்பருக்கு நேரே, குறிப்புக் கோட்டில், என் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்: அப்பாவும் பெரியப்பாவும் சரியாகப் பார்க்கவில்லை. மின்னலுக்கு மீசை கிடையாது.