கூரை உள்ள இடமெல்லாம் மதியத்துக்கு

ஏரிக்கரையில் நிறுத்தியிருந்த வேனின் பானட் மேல் ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, என் வீட்டுக்காரர் இத்தாலியை வரைந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூட்ஸ் மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் வரைந்தது தோட்டக்காரர்கள் மழைக்குப் போடும் கம்பூட்ஸ் மாதிரி குட்டையாக இருந்தது. அதற்குள் ரோம், அசிசி, பிளாரன்ஸ், வெனிஸ் என்று நான்கு புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காலை, மதியம் என்று எழுதினார். "ஒரே வாரத்துல முடிச்சிரலாம். நம்ம கையில ஆகாத சைட்சீயிங்கா?" என்றார். எண்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இந்தத் தைரியம் உண்டு. மதுரையிலிருந்து வந்து இறங்கும் ஒரு குடும்பத்தைக் காலையில் ஏற்றி, மாலைக்குள் அத்தனை பாயிண்ட்டையும் காட்டி, பஸ் ஏற்றி விட்டுவிடுவார்கள். வந்தவர்களுக்கு எதைப் பார்த்தோம் என்றே தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் பார்த்த திருப்தி இருக்கும்.

நாங்கள் போனது ஊர் பார்க்க அல்ல, அதாவது நான் போனது. என் அக்கா எழுபதுகளின் தொடக்கத்தில் கன்னியாஸ்திரியாகி இத்தாலிக்குப் போனவள். அசிசியில் ஒரு மடத்தில், வயதான சிஸ்டர்களைக் கவனித்துக் கொள்ளும் வேலை. அந்தக் காலத்தில் நினைத்தபோது ஊருக்கு வர அவர்களுக்கு அனுமதி கிடையாது. பூண்டு விளையும் எங்கள் ஊர் பூம்பாறையில் அம்மா இறந்தபோதும் அவளால் வர முடியவில்லை. அம்மாவின் கடைசி நாளைப் பற்றி எழுதவா என்று கேட்டேன். "எழுதாதே. எப்போதாவது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் வாயால் சொல்ல வேண்டும்" என்று பதில் வந்தது. அதிலிருந்து எனக்கு அது ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. மிஷன் பள்ளியில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே, சீட்டுப் போட்டு டிக்கெட்டுக்குச் சேர்த்தேன். அவருக்கோ வேறு ஓர் ஆசை. வேன் வாங்குவதற்கு முன்னால் அவர் ஏரியில் படகு ஓட்டியவர். தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர் ஓடும் ஊர் ஒன்று இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்ன நாளிலிருந்து வெனிஸ், வெனிஸ் என்று ஒரே ஜபம்.

இப்போது இத்தாலி போகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். கையில் உலகத்தையே வைத்திருக்கிறார்கள், இருந்தும் போய் வந்த கிழவியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வருகிறார்களே, அதற்காகவே சொல்லிவிடுவேன். ஆளுக்கு ஒரு பைதான், அதுவும் படியில் தூக்கிக்கொண்டு ஏற முடிகிற பை. ரோமில் தெருக் குழாயில் வரும் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், நான் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காபியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை வேறு. மாதா கோவிலுக்குள் போகத் தோளை மூடத் துணி வேண்டும். சேலை கட்டியவளுக்கு அந்தக் கவலையே இல்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ராணி மாதிரி உள்ளே போனேன். சோறு கிடைக்கவில்லையே என்று புலம்பாதீர்கள், ஒரு வாரம் சோறு இல்லாமல் யாரும் செத்ததில்லை. இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதை எங்களுக்கு அசிசி கற்றுக்கொடுத்தது.

கொடைக்கானலில் மதியம் ஆனால் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிடும். தூண்பாறைக்கு இரண்டு மணிக்குப் போனால் வெள்ளைத் துணியைத்தான் பார்க்கலாம். அதனால் வேன்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வியூ உள்ளதெல்லாம் காலையில், கூரை உள்ளதெல்லாம் மதியத்தில். கோவில், மியூசியம், சாக்லேட் கடை எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். என் வீட்டுக்காரர் இந்தச் சட்டத்தை அப்படியே இத்தாலிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே மஞ்சு இல்லை. ஆனால் மதியம் ஆனால் கூரை உள்ளதெல்லாம் சாத்திவிடுவார்கள், மடமும் கோவிலும் கடையும். ரோமில் முதல் நாளே இரண்டு கோவில் வாசலில் முட்டிக்கொண்டு திரும்பினோம். "இன்னைக்கு ஏதோ லீவு போல" என்று சமாளித்தார். நானும் நம்பினேன்.

அசிசி எனக்குப் பார்த்தவுடனே பிடித்தது. கொடைக்கானலுக்குக் கொடைரோடு மாதிரி ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. பஸ் வளைந்து ஏறும்போது அவர் டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மலை உச்சிக் கோட்டை, பள்ளத்தாக்கு என்று வியூவை எல்லாம் காட்டினார். எனக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை. மதியம் மடத்து வாசலில் மணியை அடித்தோம். கதவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. வயதான சிஸ்டர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி நான்கு விரலை நீட்டினார், ஜன்னலைச் சாத்திவிட்டார். நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ஐந்து மணிக்குக் கீழே எங்களுக்கு ரயில். இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு அரை மணி நேரம். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அவரைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. "எங்க அக்கா என்ன உங்க பாயிண்ட்டா? வந்தோம், பாத்தோம், ஏறுன்னு போறதுக்கு?" என்று கேட்டேன். அவர் எழுந்து, பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சிகரெட் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

நான்கு மணிக்கு அக்காதான் வந்து கதவைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டு, மெலிந்து, ஆனால் அதே சிரிப்பு. பார்வையாளர் அறையில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். சுவரில் கடிகாரம். அம்மாவைப் பற்றிப் பேச்சை எடுத்தால் பாதியில் நிறுத்த வேண்டியிருக்குமே என்று, நான் பஸ் கட்டணம் ஏறியதையும் பள்ளிக்கூடத்துக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள் என்பதை நான் கவனித்தேன்.

அப்போதுதான் அவர் வேர்வையோடு உள்ளே வந்தார், கையில் பை இல்லை. அக்காவைக் கும்பிட்டார். "மதினி, வெனிஸ்ல தண்ணி வத்திப் போச்சாம். அங்க போயி என்ன சோலி? கீழ ரூம் எடுத்துட்டேன். ஊருக்குக் கெளம்புற வரைக்கும் இங்கதான் கெடக்கப் போறோம்" என்றார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. அந்த மனிதரை அதற்கு முன்னும் நான் நேசித்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு மாதிரி இல்லை. அவர் சாகும் வரை வெனிஸைப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் கேட்டவர்களிடம் எல்லாம், "நம்ம ஏரி போதும்ங்க" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அவர் வேனில் ஏறியவர்களுக்குப் பாயிண்ட்டும் பாதியாகக் குறைந்துவிட்டது. அதனால்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன், ஒரு வாரத்தில் நான்கு ஊர் எழுதியிருந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். மூன்று எழுதியிருந்தாலும் ஒன்றை அடித்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் மடத்துத் தோட்டத்தில் அக்கா பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அம்மா ஜெபம் சொல்லி, பிள்ளைகளை ஆசீர்வதித்துப் போனாள் என்று சொல்லிவிடலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. கடைசியில் அம்மாவுக்கு ஆள் தெரியவில்லை. நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது, என்னைப் பெரியவள், அதாவது அக்கா, என்று நினைத்துக்கொண்டாள். "ஏடி பெரியவளே, தூத்தல் விழுது, வெரசா அந்தக் காயப் போட்ட பூண்டை உள்ள எடுத்துப் போடு" என்று அதட்டினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேச்சில்லை.

அக்காவின் கை நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எடுத்துப் போட்டேனாடி?"

"போட்டுட்டக்கா. ஒண்ணுகூட நனையல."