ஏழு அறை மாத்திரை டப்பா

தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருபத்திரண்டு வருடங்களாகக் கிடையாது. மருந்துக்கடை திறந்த நாளிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் "இதுக்கு என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டால் போதும், மூளை விழித்துக்கொள்வதற்குள் வாய் பாதி பதிலைச் சொல்லி முடித்திருக்கும். முடி கொட்டுவதற்கும் சொல்வேன், மாமியார் கோபத்துக்கும் சொல்வேன். தெருவில் எனக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். நேரில் கூப்பிடும்போது மரியாதைக்காக 'அரை'யை விட்டுவிடுவார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவி தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுகிறாள். வீட்டிலும் அதே வேலைதான். நான் பேசுவதை எல்லாம் ஒரு நிமிடம் கையில் ஏந்திப் பார்ப்பது போலக் கேட்டுவிட்டு, "இதுல முக்கால்வாசி வெறும் அட்டைப்பெட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

எங்களுக்கு ஒரே பெண், பத்து வயது. வீட்டில் அவளுக்கு 'வண்டு' என்று பெயர். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், உட்கார்ந்தாலும் சத்தம் ஓயாது. ஒரு காலில் ஷூவும் மறு காலில் வீட்டுச் செருப்புமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருக்கிறாள். வீட்டுப்பாடத்தில் மூன்றாவது கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் மீன்தொட்டி இல்லாத வீட்டில் மீன்தொட்டி வைக்க இடம் அளந்துகொண்டிருப்பாள். வகுப்பு டீச்சரிடமிருந்து மூன்றாவது கடிதம் வந்ததும் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த டாக்டர் அம்மா அவசரப்படாதவர். எங்களிடம் கேட்டார், டீச்சரிடம் ஒரு படிவம் நிரப்பி வாங்கினார், வண்டுவிடம் தனியாகப் பேசினார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். கடைசியில் இது கவனக்குறைபாடு, பல பிள்ளைகளுக்கு இருப்பதுதான் என்றார். இரண்டு பக்கம் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். வீட்டிலும் வகுப்பிலும் என்னென்ன மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. மூன்று மாதம் அதைச் செய்துவிட்டு வாருங்கள், தேவைப்பட்டால் அப்புறம் மருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

அந்த மருந்து என் கடையில்தான் இருக்கிறது, பூட்டுப் போட்ட அலமாரியில். எத்தனையோ பெற்றோர்களுக்கு அதை எடுத்துக் கொடுத்து, "பயப்படாதீங்க, டாக்டர் பார்த்துத்தானே எழுதியிருக்காங்க" என்று தைரியம் சொல்லியிருக்கிறேன். என் பெண்ணுக்கு என்றதும் அந்தத் தைரியம் எனக்கே இல்லை. மருந்து என்று பெயர் இல்லாத எதையாவது கொடுத்து, இந்த மூன்று மாதத்துக்குள் அவளைத் தேற்றிவிட வேண்டும் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

"டாக்டர், ஊட்டச்சத்து மாத்திரை ஏதாவது குடுக்கலாமா? மீன் எண்ணெய், ஜிங்க் இந்த மாதிரி?"

"ரத்தத்துல ஒரு குறையும் இல்லையே. குறை இருந்தா கட்டாயம் குடுக்கணும், இல்லாதப்ப எதுக்கு? மீன் எண்ணெய் அளவா குடுத்தா கெடுதல் இல்ல, ஆனா பெரிசா எதிர்பார்க்காதீங்க. அந்தத் தாள்ல இருக்கறத செய்யுங்க, அதுதான் முக்கியம்."

இவ்வளவு நீளமான பதிலில் என் காதில் விழுந்தது 'மீன் எண்ணெய்' மட்டும்தான். தாளை மடித்து மனைவியின் பையில் திணித்துவிட்டேன்.

கடையில் இருந்து இரண்டு பாட்டில் எடுத்து வந்தேன். கூடவே ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா ஒன்று. கிழமைக்கு ஓர் அறை. மறதிக்கார முதியவர்களுக்கு நான் விற்பது அது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு அறையிலும் ஒரு மீன் எண்ணெய், ஒரு ஜிங்க் என்று நிரப்பி வைத்துவிடுவேன். காலையில் நான் எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும், மனைவிக்கு அதற்கு முன்பே பஸ். வண்டு சாப்பிட்டுவிட்டுத் தானே எடுத்து விழுங்க வேண்டும். பொறுப்பு வளரும் பாருங்கள், அதற்காக. சாயங்காலம் வந்ததும் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். அறை காலி.

இங்கேதான் எங்கள் தொழிலின் மூடநம்பிக்கையைச் சொல்ல வேண்டும். அறை காலி என்றால் மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பாட்டில் தீர்ந்து மறு பாட்டில் கேட்டு வந்தால் நோயாளி ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். கடையை விட்டு வெளியே போன மாத்திரைக்கு வயிற்றைத் தவிர வேறு போக்கிடம் உண்டு என்று எந்த மருந்துக்கடைக்காரனும் நினைப்பதில்லை.

பிறகு கட்டம் போட்ட தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஷூ, பை, வீட்டுப்பாடம், சாப்பாட்டில் உட்காருதல் என்று பத்துப் பத்தி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், நான்கு நிறப் பேனா, வாரக் கூட்டுத்தொகை ஏறி இறங்குவதைக் காட்ட அடியில் ஒரு கோடு. பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்க வேண்டியவன் தவறிப்போய்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது.

முதல் மாதம் கோடு தரையோடு கிடந்தது. ஆறாவது வாரம் மெல்ல எழுந்தது. இரண்டு காலிலும் ஒரே ஜோடி ஷூ. வீட்டுப்பாடத்தில் ஐந்தாவது கணக்குவரை தாக்குப்பிடித்தாள். டீச்சரிடமிருந்து வந்த நான்காவது கடிதம் பாராட்டுக் கடிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்து, இருமல் மருந்து வாங்க வந்தவருக்கெல்லாம் காட்டினேன்.

அந்த நேரத்தில்தான் தையல்காரம்மா வந்தார். பக்கத்துத் தெருவில் சின்ன கடை. வருடத்துக்கு ஒருமுறை என் பேண்ட்டுகளின் இடுப்பைப் பிரித்து விட்டுத் தருபவர். என் உடம்பின் வளர்ச்சி அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். எட்டு வயது மகனுக்கு அதே கவனக்குறைபாடு, அதே டாக்டர், அந்த அலமாரி மருந்து. மாதாமாதம் சீட்டோடு வருவார்.

"பையன் சரியாவே சாப்பிட மாட்டேங்கறான் டாக்டர். இந்த மருந்து குடுத்தா பசியே இல்லங்கறான்" என்று கண் கலங்கினார்.

டாக்டரிடம் சொல்லுங்கள், நேரத்தையோ அளவையோ மாற்றிக் கொடுப்பார் என்பதுதான் பதில். அது எனக்கு நன்றாகவே தெரியும். நான் என்ன செய்தேன்? கைபேசியை எடுத்தேன்.

"என் பொண்ணுக்கு மருந்தே இல்லம்மா. வெறும் மீன் எண்ணெயும் ஜிங்க்கும்தான். இந்தக் கோட்டைப் பாருங்க, எங்க இருந்தது எங்க போயிருக்கு!"

அவர் நிறைய நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பாட்டில் கேட்டு வாங்கினார். டாக்டர் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இது இருக்கட்டும், அப்புறம் பார்க்கறேன்" என்றார். மருந்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பிற்பாடு இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தேன். ஆனால் அந்தச் சீட்டு உள்ளே போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று உள்ளுக்குள் குளிர்ந்தும் போனேன்.

பதினோராவது வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பூனை வண்டுவின் அறை ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. நாலைந்து நாளாகவே அப்படித்தான் என்றாள் மனைவி. அறைக்குள் ஒரு வாடை வேறு. எலி செத்திருக்கும் என்று அலமாரியை நகர்த்தினேன். எலி இல்லை. அலமாரியின் பின்னால் மூடி சரியாக மூடாத பெரிய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது.

திறந்தால் உள்ளே அத்தனையும் மாத்திரை. மஞ்சள் மீன் எண்ணெய் ஒரு பக்கம், வெள்ளை ஜிங்க் ஒரு பக்கம். பத்துப் பத்தாக வரிசை, நடுவில் அட்டைத் தடுப்பு, நான் கடையில் அடுக்குவது போலவே. ஷூவின் ஜோடியைத் தேடத் தெரியாத பெண் நூற்றைம்பது மாத்திரையை நூல் பிடித்தது போல அடுக்கி வைத்திருந்தாள். இரண்டு மூன்று மஞ்சள் மாத்திரை புழுக்கத்தில் கசிந்திருந்தது. பூனைக்கு அதுதான் விஷயம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எண்ணினேன். கை தானாக ஐந்தைந்தாகத் தள்ளியது. வெள்ளை எழுபத்தேழு. மஞ்சள் எழுபத்தாறு.

"ஒண்ணு குறையுதே?" என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் எனக்கு இருப்புக் கணக்குதான்.

வண்டு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "அது மொத நாள் முழுங்கினேன்ப்பா. தொண்டையிலயே நின்னுடுச்சு. வாந்தி எடுத்துட்டேன்."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீங்க தினமும் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு சிரிச்சீங்க. அதான் சொல்லல."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். அரை நிமிடம் உட்கார்ந்தாள். அது அவளுக்குப் பெரிய விஷயம்.

"அப்ப இந்த முன்னேற்றம் எப்படி வந்துச்சு?" என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் டாக்டர் கொடுத்த தாள், இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலில் தேதி. டீச்சரைப் பார்த்து முதல் வரிசையில் இடம் மாற்றியது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது, ஷூவுக்கு வாசலில் தனி மூலை, பத்து நிமிடப் படிப்புக்கு ஒருமுறை எழுந்து ஓடிவிட்டு வருவது.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நாலு தடவை சொன்னேங்க. நீங்க கோடு போட்டுட்டு இருந்தீங்க."

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைக் கட்டாயம் படியுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். என் குழந்தைக்குக் கொடுத்த தாளின் இரண்டாவது பக்கத்தை அன்றுதான் பார்த்தேன்.

அசடு வழிந்துவிட்டு அதோடு போயிருக்கலாம். ஆனால் தையல்காரம்மா ஞாபகத்துக்கு வந்தார். கடைக்குப் போய்க் கணினியில் பார்த்தேன். அலமாரி மருந்து கடைசியாக வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. மீன் எண்ணெய் மட்டும் மறுபடியும் மறுபடியும் போயிருக்கிறது, மூன்று தடவை. நான் ஊரில் இல்லாத நாளில் கடைப்பையன் கொடுத்ததும் அதில் அடக்கம் என்று மனசு உடனே ஒரு சாக்கு தேடியது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் பிஸ்கட் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியெல்லாம் எப்படிப் பூசி மெழுகலாம் என்று ஒத்திகை. அவர் தையல் மிஷினில் குனிந்திருந்தார்.

"வாங்க டாக்டர். மறுபடியும் இடுப்பு பத்தலையா?"

"பையன் எப்படி இருக்கான்மா?" என்றேன்.

மிஷின் நின்றது. "என்னத்த சொல்ல. வகுப்புல இருந்து ரெண்டு தடவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முந்தாநாள் என் கையை உதறிட்டு ரோட்டுக்கு ஓடிட்டான். பைக்ல வந்தவர் பிரேக் போட்டாரோ, பொழைச்சான். ஆனா நான் விடல டாக்டர். தினமும் ரெண்டு மாத்திரை குடுக்கறேன். நானே பக்கத்துல நின்னு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் விடறேன்."

துணிக்குவியல் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

"உங்க பொண்ணுக்கும் கோடு ஏற ஒண்ணரை மாசம் ஆச்சுல்ல? எனக்கு அது ஞாபகம் இருக்கு. மூணு மாசம் பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

ஒத்திகை பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டேன். பிஸ்கட் டப்பாவை எடுத்து மிஷின் பலகையில் வைத்துத் திறந்தேன்.

"இதெல்லாம் என் பொண்ணுக்குக் குடுத்தது. அவ ஒண்ணுகூட சாப்பிடல. எனக்கு நேத்துதான் தெரியும்."

அவர் அந்த வரிசைகளைப் பார்த்தார். விரலால் ஒரு வரிசையைத் தொட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப எதனால அவளுக்குச் சரியாச்சு?"

"டாக்டர் சொன்னதை என் மனைவி செஞ்சா. நான் கவனிக்கல."

"அப்ப எதுக்கு எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

இருபத்திரண்டு வருடம் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டேன். "தெரியலம்மா" என்றேன். "தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க. இன்னைக்கே டாக்டரைப் பார்க்கலாம், நானும் வந்து நடந்ததைச் சொல்றேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார். டாக்டர் அறையில் நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. மருந்தை மறுபடி ஆரம்பித்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லி, பசிக்கு என்ன செய்வது என்றும் விளக்கினார். மொத்தம் ஐந்து நிமிடம் ஆனது.

சீட்டோடு வெளியே வந்த தையல்காரம்மா என் கடையைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார். அடுத்த மாதமும் எதிர்க்கடைதான். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு என் வாசலைக் கடந்து போவார். பையன் இப்போதெல்லாம் கையை உதறாமல் நடக்கிறான் என்று உள்ளே இருந்து பார்த்துக்கொள்வேன். என் பேண்ட்டுகள் இறுகிக்கொண்டே வந்தன. வேறு தையல்காரரிடம் போக மனசு வரவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு காலை அவர் என் கடைக்குள் வந்தார். எதிர்க்கடையில் மருந்து தீர்ந்துவிட்டதாம். சீட்டைக் கண்ணாடி மேஜையில் வைத்து விரலால் என் பக்கம் தள்ளினார். எனக்கு வாய் திறந்துவிட்டது.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் அவர். "மருந்தை மட்டும் குடுங்க."

வாயை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.