சிதம்பரத்து டீச்சரும் பொதுக் கிண்ணமும்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சாயங்காலம், எங்கள் வீட்டில் உலர்ந்த கறுப்புத் திராட்சை கொதிக்கும் வாசனை, புளிப்பும் வெல்லமும் கலந்தாற்போல, வாசல்வரை வந்து நிற்கும். கடலூரில் எங்கள் மெதடிஸ்ட் சபையில் மதுவுக்கு இடமில்லை என்பதால், இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனத்துக்கான "ரசத்தை" என் அம்மாதான் காய்ச்சி வடிகட்டிக் கொடுப்பார். மறுநாள் அது ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் பீடத்துக்கு வரும். முழங்காலிட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதிலேயே குடிப்பார்கள். போதகர் ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பார்.

அறுபதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அந்தக் கிண்ணத்தைக் கண்டாலே எனக்குப் பயம்.

காரணம் லில்லி டீச்சர். சிதம்பரத்தில் அப்போது எங்கள் சபைக்கு ஆலயம் கிடையாது. அங்கிருந்த சில குடும்பத்தினர் காலைப் பாசஞ்சர் ரயிலில் கடலூருக்கு வருவார்கள். அவர்களில் ஒருவரான டீச்சர், "டிபி" வந்து நெடுநாள் சானடோரியத்தில் கிடந்து, குணமாகிவிட்டது என்று டாக்டர் அனுப்பிவைத்த பிறகு முதன்முறையாகக் கோயிலுக்கு வந்தார். அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பாட்டு நடுவே ஒருமுறை இருமினார். முன்வரிசைத் தலைகளெல்லாம் திரும்பின.

இராப்போஜனத்துக்கு அழைத்ததும் டீச்சர் போய்ப் பீடத்தின் முன் முழங்காலிட்டார். ஏற்கெனவே அங்கிருந்தவர்கள், எதையோ மறந்துவிட்டவர்கள்போல எழுந்து இடத்துக்குத் திரும்பினார்கள். சபை மூப்பர் குனிந்து, "நீங்க கடைசியா வாங்கிக்குங்களேன் டீச்சர். புள்ளகுட்டிக்காரங்க இருக்குறாங்க" என்றார். டீச்சர் எழுந்திருக்கவில்லை. தலை மட்டும் இன்னும் தாழ்ந்தது.

அப்போது அம்மா எழுந்தார். "போவாதம்மா" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். என் விரல்களைப் பிரித்துவிட்டுப் போய், டீச்சருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். டீச்சர் குடித்தார், துணி விளிம்பைத் துடைத்தது, அம்மா குடித்தார்.

அன்று முதல் அம்மா இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மழை வந்தது, அம்மாவுக்கு இருமலும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. அம்மா வாய் துடைத்த துணியை எடுத்து ரத்தம் இருக்கிறதா என்று ஒளிந்து நின்று பார்ப்பேன். "புள்ளைங்கள நெனச்சிப் பாத்தியா நீ?" என்று அப்பா கத்தினார், பிறகு அவரே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். எக்ஸ்ரே அறையின் கதவைச் சாத்தியதும், மனப்பாடமாகத் தெரிந்த ஜெபங்களெல்லாம் மறந்துபோய், "அம்மா செத்துடக் கூடாது" என்பதை மட்டுமே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "நெஞ்சு சுத்தமா இருக்கு. மழைச் சளிதான்" என்றார். அப்பா சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார்.

சபையின் பயமோ தணியவில்லை. கமிட்டி கூடி, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிளாஸ் வாங்க முடிவு செய்தது. இது காதுக்கு எட்டியதும் டீச்சர் வருவதை நிறுத்திவிட்டார். அவருக்காகச் சிதம்பரத்துக் குடும்பங்கள் எல்லாமே நின்றுவிட்டன. ரயிலடிக்குப் பக்கத்தில் டீச்சர் குடியிருந்த ஓட்டு வீட்டில் பாய் விரித்து ஆராதனை தொடங்கினார்கள். போதகரும் போய் நடத்திக் கொடுத்தார். முதல் ஆராதனைக்கு அம்மா என்னையும் கூட்டிப்போனார். எவர்சில்வர் டம்ளர் ஒன்றே எல்லாரையும் சுற்றி வந்தது. அது அம்மாவின் கைக்கு வந்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில், "ஒனக்குப் பயமே இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? அன்னிக்கிக் கோயில்ல கை வெடவெடன்னு ஆடிச்சி. அவுங்க பாத்துடக் கூடாதேன்னு கிண்ணத்த ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டேன்" என்றார்.

போன மாதம் சிதம்பரம் போயிருந்தேன். அந்த ஓட்டு வீடு இல்லை. சபைக்குச் சொந்தமாக ஆலயம் எழும்பியிருக்கிறது. முதிர்ந்த வயதுவரை வாழ்ந்த டீச்சரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். இந்தச் சபை எப்படித் தொடங்கியது என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அந்தக் காலத்தில் கடலூருக்குப் போய்வர வண்டி வசதி போதவில்லை, அதனால்தான் என்றார் பெரியவர் ஒருவர். அப்படி இல்லை என்று சொல்ல, அன்று கடலூர்க் கோயில் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.