மாவுக்கட்டு அண்ணன்

எக்ஸ்ரே அறைக்கும் கட்டுப்போடும் அறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். பதினொரு வருடம் திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு மாவுக்கட்டு அண்ணன் என்றுதான் பெயர். ஈர மாவின் வாசனை எங்கே வந்தாலும் இப்போதும் அவர் குரல் காதில் விழுகிறது.

"தங்கச்சி, சீக்கிரம் படம் எடுத்து அனுப்பு. இங்க ஹீரோ காத்துக்கிட்டு இருக்கார்" என்பார். ஹீரோ, மரத்திலிருந்து விழுந்து அலறும் ஏழு வயசு. கட்டு காய்வதற்குள் சிரிக்க வைத்துவிடுவார். மதியம் ஜன்னலோரம் சேர்ந்து சாப்பிடுவோம். என் டப்பாவில் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, "உப்பு போட மறந்துட்டியா, இல்ல வீட்டுக்காரர் மேல கோவமா?" என்பார். அப்படிச் சிரித்த நாட்கள் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

தையல்காரப் பெண் ஒருத்தி அடிக்கடி வருவாள். முதலில் மணிக்கட்டு, அப்புறம் விலா, அப்புறம் தோள்பட்டை. கேட்டால், "பாத்ரூம்ல வழுக்கிருச்சுண்ணே." நான்காம் முறை அவளை நேரே பிணவறைக்குத்தான் கொண்டுபோனார்கள். சாட்சி இல்லையென்று புருஷனை விட்டுவிட்டார்கள். அன்று அண்ணன் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

இரண்டு மாதத்தில் அந்தப் புருஷன் கல்குவாரிப் பள்ளத்தில் செத்துக் கிடந்தான். அடுத்த வருடம், மனைவியின் விரல்களை ஒடித்த லாரி டிரைவர் ஒருவன், ரயில் பாலத்துக்குக் கீழே. குடித்துவிட்டு விழுந்ததாகப் போலீஸ் முடித்துவிட்டது.

"ஒழிஞ்சானுங்க" என்று நான் வாய்விட்டே சொன்னேன். அண்ணன் மாவைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆள் ஒரு வாட்ச்மேன். அவர் மனைவி ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தாள். இரண்டாம் முறை முழங்கை. அவளும் வழுக்கியதாகத்தான் சொன்னாள். அடுத்த வாரம் வாட்ச்மேன் மாடிப்படிக்குக் கீழே பிணமாகக் கிடந்தார்.

கட்டுப் பிரிக்க வந்தவள் தேம்பித் தேம்பி அழுதாள். "இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் திண்டாடினப்ப, தலை சீவி விட்டது, சோறு ஊட்டினது எல்லாம் அவர்தாண்ணே."

"வழுக்கி விழுந்தேன்னு சொன்னியேம்மா..."

"ஆமாண்ணே, பாத்ரூம்ல ஒரே பாசி. மறுநாளே உக்காந்து தேய்ச்சுக் கழுவினாரு."

கத்தரி அண்ணன் கையில் அப்படியே நின்றது. பிறகு கட்டை முழுதாகப் பிரித்து, அவள் கையைத் துடைத்து அனுப்பிவிட்டுத் திரையை விலக்கினார். மூன்று பேரையும் கொன்றது தான்தான் என்று சொன்னார்.

"ஸ்டேஷன் வரைக்கும் கூட வர்றியா, தங்கச்சி? தனியா போனா பாதியில திரும்பிருவேனோன்னு பயமா இருக்கு."

போனேன்.

ஆயுள் தண்டனை. ஆறாம் வருடம் சிறையிலேயே போய்ச் சேர்ந்தார். நான் ஒரே ஒருமுறைதான் பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்:

"அந்தப் பொண்ணுக்குக் கைய முழுசா நீட்ட முடியுதா?"

"முடியுதுண்ணே" என்றேன். கட்டுப் பிரித்த நாளுக்குப் பிறகு அவளை நான் பார்த்ததே இல்லை.