தன் பிழைக்கும் எண் கொடுத்தவர்

பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது மதியம் அந்த அழைப்பு வந்தது. பேசியவர் பேராசிரியர் ஜமீலாவின் தம்பி. "ராகவன் சாருங்களா? அக்கா காலையில மௌத்தாயிட்டாங்க. சாயந்திரம் அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம் பண்றோம்" என்றார். எந்த வண்டியைப் பிடித்தாலும் அதற்குள் திருச்சி வந்து சேர முடியாது. மறுநாள் பாலக்கரையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் தனியாக வாழ்ந்த வீடு; பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் கட்டுரை வரிசையைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை மின்னஞ்சலில் மட்டுமே தெரியும். கல்லூரிப் பொருளாதாரத் துறையில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. ஒர்க்கிங் பேப்பர் வரிசை ஒன்று தொடங்கலாம் என்று சொன்னவர் அவர்தான். ஆய்விதழுக்குப் போகும் முன்பே கட்டுரையை எண் போட்டு வெளியிட்டு, படித்தவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்துவதற்கான ஏற்பாடு அது. "எழுதறதை எல்லாம் அலமாரியில வச்சுப் பூட்டிக்கிறோம் சார். யாராவது திட்டவாவது செய்யட்டுமே" என்றார்.

திட்டக்கூட ஆள் வரவில்லை. முதல் கட்டுரை அவருடையது. முசிறி வாழை விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பினால், தனியாக விற்பதைவிட நல்ல விலை கிடைக்கிறது என்பது அதன் முடிவு. அதைப் பற்றிப் பேசக் கூட்டம் வைத்தோம். அறையில் நான் மட்டும்தான். "டீ குடிக்கப் போகலாமா மேடம்?" என்றேன். "நீங்க வந்திருக்கீங்களே" என்று சொல்லி, முழு உரையையும் நின்றபடியே நிகழ்த்தினார். முடிவில் "கேள்வி இருக்கா?" என்று காலி நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தார்.

பின்னர் தஞ்சாவூரிலிருந்து ஒரு விரிவுரையாளர் மறுப்பு எழுதி அனுப்பினார். குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் ரஸ்தாளி போட்டவர்கள், தனியாக விற்றவர்கள் பூவன் போட்டவர்கள், ரஸ்தாளிக்கு எப்போதுமே விலை கூடுதல், இதில் குழுவின் பங்கு என்ன என்று கேட்டிருந்தார். ஜமீலா இரண்டு நாள் பழைய தரவுத்தாள்களோடு உட்கார்ந்தார். கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "அவர் சொல்றது சரி சார். இதையே அடுத்த எண்ணாப் போட்டுடலாம்" என்றார்.

கல்லூரி முதல்வர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். "நம்ம தப்பை நாமளே ஊருக்குச் சொல்லணுமா மேடம்? உங்களைத் துறைத் தலைவராப் போடணும்னு பேசிட்டிருக்கிற நேரம்" என்றார்.

"தப்பு நம்ம வரிசையில வந்துச்சுங்க. திருத்தமும் அங்கதான் வரணும்."

மறுப்பு வெளிவந்தது. பதவி வேறொருவருக்குப் போனது. அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகுதான் கட்டுரைகள் வரத் தொடங்கின. சொந்தத் தவறையே வெளியிடுகிற இடத்தை நம்பலாம் என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதினார். கேரளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற பின்னும் அவரவர் வீட்டிலிருந்தே பதிப்பு வேலையைப் பார்த்தோம். "எத்தனை பேருக்கு நம்மளைத் தெரியுது பாருங்க சார். கதவைத்தான் யாரும் தட்ட மாட்டேங்கறாங்க" என்று ஒருநாள் போனில் சிரித்தார். மனைவி போன பிறகு என் வீடும் அப்படித்தான் இருந்தது.

புதிதாகக் கட்டுரை வந்தால், மின்னஞ்சல் எழுதுவதற்கு முன் எழுதியவரைப் போனில் கூப்பிட்டு "படிச்சுட்டேங்க" என்று சொல்லுவார். குறைகளெல்லாம் அதற்கப்புறம்தான். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். போன வாரம் கரூரிலிருந்து ஒரு பெண் விசைத்தறிக் கூலி பற்றி எழுதி அனுப்பியிருந்தார். கூப்பிட்டு "படிச்சுட்டேம்மா" என்றேன்.

"முழுசாவா சார்?"

"முழுசாத்தாம்மா."

அந்தப் பெண் பேசத் தொடங்கினார். வெகுநேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.