உண்டியல்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவனை உண்டியல் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பிரிவு அம்மாள் வைத்த பெயர். ஒவ்வொரு நிதியாண்டுத் தொடக்கத்திலும் ஊழியர்கள் அவள் மேஜை முன் நின்று, வரிப் பிடித்தத்தை எப்படியாவது குறைத்துப் போடும்படி கெஞ்சுவார்கள். இவன் ஒருவன்தான் கூட்டிப் போடச் சொல்வான்.

“கட்ட வேண்டாத வரியை யாராவது கட்டுவாங்களாய்யா?”

“கூடப் பிடிச்சதை வருஷக் கடைசியில திருப்பித் தந்துடுறாங்கல்ல?”

“வட்டி தர மாட்டாங்களே.”

“கைமாத்தும் கேக்க மாட்டாங்க மேடம்.”

கைமாற்று கேட்கிறவர் அண்ணன். சம்பளம் வந்த வாரம் வருவார். கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்தபின் ஆரம்பிப்பார். பணத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல இவனுக்கு வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். பணம் உண்மையாகவே அரசாங்கத்திடம் மாட்டிக் கிடந்தால், இல்லை என்று சொல்வது பொய் ஆகாது.

இந்த வழி அவனுக்கு வெகு நாட்கள் ஒத்துவந்தது. வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும் பணத்தை வந்த அன்றே செலவழித்துவிடுவான். ஒரு வருடம் ஃபிரிட்ஜ். ஒரு வருடம் மனைவிக்குத் தையல் மெஷின். இந்த வருடத்துப் பணம் மகளுக்கு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவன் மனைவியை வரவழைத்து, “உங்க பொண்ணு பாடத்தைக் கேக்கறதில்ல, என் வாயைப் பாக்குறா” என்றிருந்தாள். இரண்டு காதுக்கும் மெஷின் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். வைத்தால் இதே பள்ளியில் தொடரலாம்.

அண்ணன் பெயிண்ட் கடை போட்டபோது இவனிடம் பணம் கேட்கவில்லை. கடைக்கு வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டார். பணம் இல்லை என்று சொல்லலாம். கை இல்லை என்று எப்படிச் சொல்வது? போட்டான்.

கடை மூடப்பட்டது. அண்ணனின் வீடு அண்ணி பேரில் இருந்தது, காரும் அப்படியே. கடன் கொடுத்த கம்பெனி இவன் பக்கம் திரும்பியது. சலவைப் பிரிவின் பின்வாசலில், அழுக்குத் துணி வண்டிகளுக்கு நடுவில் இரண்டு பேர் வந்து நின்றுகொண்டு, வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவனைப் பற்றி விசாரித்தார்கள். இலவச சட்ட உதவி வக்கீல், “திவால் மனு போட்டுடுங்க, வேற வழியில்ல” என்றார்.

மனு போட்ட அன்று அண்ணனும் கூட வந்தார். கோர்ட் கேன்டீனில் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

“என்னாலதானடா உனக்கு இந்த நிலைமை” என்றபோது அவர் கண் கலங்கியது.

அண்ணன் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்து அவன் பார்த்ததில்லை. மனசு இளகிவிட்டது.

“விடுங்கண்ணே. பாப்பா காதுக்குக் குறை வராது. வரிப் பணம் திரும்பி வரணும். கூடப் பிடிக்கச் சொல்லி வச்சிருக்கேன்.”

அண்ணன் ஆறிப்போன டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“எத்தனை வருஷமா இது?”

“ரொம்ப நாளா.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையேடா நீ” என்று சிரித்தார்.

கடன்காரர்கள் கூட்டம் திவால் அதிகாரியின் அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் கேன், கழுத்தைத் திருப்பாத மின்விசிறி. பள்ளி விடுமுறை என்பதால் மகளை அழைத்து வந்திருந்தான். கம்பெனி ஆள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான். சற்று நேரத்தில் அண்ணனும் அண்ணியும் உள்ளே வந்தார்கள். தனக்குத் துணையாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவர்கள் அவனைக் கடந்துபோய் கம்பெனி ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அம்மாவின் ஆபரேஷனுக்காக அண்ணன் ஒருமுறை இவன் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது அது. இப்போது அதைக் கடன் என்று கேட்டு மனு கொடுத்திருந்தார்.

“அண்ணே, அது அம்மாவுக்குக் குடுத்த காசு.”

“உன் கணக்குக்குத்தானே வந்தது? சட்டப்படி கேக்குறேன், தப்பா எடுத்துக்காதே.”

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். “வேற சொத்து, வர வேண்டிய பணம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

அண்ணன் எழுந்துவிட்டார். “வரி ரீஃபண்ட் வரணும் மேடம். வேணும்னே கூடப் பிடிக்க வச்சிருக்கான். மறைக்கிறான்.”

“உக்காருங்க சார். நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். வரிக் கணக்கு எங்களுக்கு வந்தாச்சு.” அவள் இவன் பக்கம் திரும்பினாள். “ஏன் சொல்லல?”

“அது சொத்துன்னு தோணல மேடம். இன்னும் கைக்கே வரலியே.”

“வராததும் சொத்துதான். மனு போட்ட நாளுக்கு முன்னாடி சம்பாதிச்ச சம்பளத்துல பிடிச்சது, எப்ப திரும்பி வந்தாலும் கடன்காரங்களுக்குத்தான் போகும்.”

“பொண்ணு காது மெஷினுக்கு வச்சது மேடம்.”

அவள் பேனாவை மூடினாள். “அதிகமாப் பிடிக்கச் சொல்லாம, மாசாமாசம் சம்பளத்தோட வாங்கி அப்பவே மெஷின் வாங்கியிருந்தீங்கன்னா, இங்க ஒருத்தரும் அதைக் கேட்டிருக்க முடியாது.” பிறகு, “குழந்தைக்காக வரியோட சேர்த்துத் தர்ற சலுகைப் பணம் தனி. அது அரசாங்கம் பிள்ளைக்குத் தர்றது. அதுல யாரும் கை வைக்க முடியாது” என்றாள்.

அரசாங்கம் தானாகத் தந்தது மிஞ்சியது. அவன் சேர்த்தது போயிற்று.

கூட்டம் கலையும்போது அண்ணன் அண்ணியின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். பஸ்ஸில் அவன் மகளின் முகத்துக்கு நேராகத் திரும்பி, “பெரியப்பா கடைசியில என்னம்மா சொன்னாரு?” என்று கேட்டான்.

அவள் அவர் வாயசைவை முழுதாகப் பார்த்திருந்தாள். “வந்த வரைக்கும் லாபம்னாரு.”

பங்கு பிரித்ததில் அண்ணனுக்குக் கிடைத்தது இரண்டு டப்பா பெயிண்ட் விலை இருக்குமா என்பது சந்தேகம்.

மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். “உங்கண்ணன்கிட்ட வாயைத் திறந்தீங்களா?”

“சொல்லாட்டியும் போயிருக்கும்னு ஆபீசரே சொன்னாங்க.”

“போறது வேற. கூடப் பொறந்தவர் எழுந்து நின்னு பிடுங்கிக் குடுக்கறது வேற.” தையல் மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கினாள்.

சலுகைப் பணத்தில் ஒரு மெஷின் வந்தது. “எந்தக் காதுக்குப்பா?” என்று கடைக்காரப் பெண் கேட்க, அவன் மகளைப் பார்த்தான். அவள் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். வகுப்பில் டீச்சர் நிற்கும் பக்கம் அது.

புது நிதியாண்டு பிறந்ததும் சம்பளப் பிரிவு அம்மாள் முந்திக்கொண்டாள். “வா உண்டியல். எவ்வளவு கூட்டணும்?”

“பிடிக்க வேண்டியதை மட்டும் பிடிங்க மேடம்.”

“அட, உடைச்சுட்டியா?”

“உடைச்சுட்டாங்க.”

அவள் பிடித்தத் தொகையை மாற்றிப் போட்டாள். அந்த மாதத்திலிருந்து சம்பளம் கனத்தது. இன்னொரு மெஷினுக்கான பணம் பீரோவில் சேர ஆரம்பித்தது. இரும்புப் பீரோதான், பூட்டு சரியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். எதுவுமே நடக்காதது போலக் கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி டீயை அவர் கையில் கொடுக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மகள் தரையில் உட்கார்ந்து, மெஷின் இல்லாத இடது காது கதவுப் பக்கம் இருக்க, படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். “கடன் தொல்லையெல்லாம் ஒழிஞ்சு இப்ப நிம்மதியா இருக்கே. ஒரு சின்ன ஏஜென்சி எடுக்கலாம்னு இருக்கேன். கொஞ்சம் இருந்தா குடு. பீரோவுல வச்சு என்ன பண்ணப் போறே?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவன் தேடவில்லை.

“இருக்குண்ணே” என்றான்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார்.

“தர மாட்டேன்.”

அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு இவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். “திவாலானவனுக்கு வந்த வாயைப் பாரு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மகள் தலையைத் தூக்கினாள். அவன் வாயை அவள் பார்த்திருக்கவில்லை.

“என்னப்பா சொன்னீங்க?”

படியில் செருப்புச் சத்தம் நின்றது.

அவன் அவளுடைய மெஷின் பக்கம் போகவில்லை. கதவருகில் நின்றபடியே, உரக்கச் சொன்னான்.

“இருக்கு, தர மாட்டேன்னு சொன்னேன்.”